உத்தரத்துக்கு அடியில் இருந்த இடம்

பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றை வேதியியல் ஆய்வகமாக மாற்றும் பணியில் காற்றோட்ட வடிவமைப்பு என் பொறுப்பாக இருந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றே முதலில் பேச்சு. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. உறுதியாக நிற்கும் தூண்களை உடைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி கான்கிரீட் வார்ப்பதைப் பசுமைக் கட்டடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உயரம் போதவில்லை. உத்தரத்தின் அடிமட்டத்தை அளந்தபோது, நான் வரைந்திருந்த காற்றுக்குழாய் அங்கே நுழையாது என்று தெரிந்தது.

அலுவலகத்தில் குளிரூட்டிய காற்றையே திரும்பச் சுற்றவிடலாம். நச்சு ஆவி கலக்கும் ஆய்வகத்தில் அது ஆபத்து. வெளியே தள்ளும் அளவுக்குப் புதுக் காற்றை இழுத்துப் பதப்படுத்தியாக வேண்டும். உள்ளே வைத்துச் சோதனை செய்யும்போது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியான ஃபியூம் ஹூட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 மீட்டர் அகலம், கண்ணாடிக் கதவு 45 சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, காற்றின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்றால், மணிக்கு 1,200 கனமீட்டருக்கு மேல் வெளியேறும். மின்சாரம் கரைவது இங்கேதான்.

குழாயைச் சுருக்க வழியில்லாமல், ஆய்வாளர்கள் அப்போது வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சில நாட்கள் நின்று பார்த்தேன். பல ஹூட்டுகளில் சோதனை எதுவும் நடக்கவில்லை, புட்டிகள் அடுக்கியிருந்தார்கள். புட்டிகளுக்குக் காற்றோட்டமுள்ள அலமாரி போதும், அதற்கு வேண்டிய காற்றும் மிகக் குறைவு. பாதுகாப்பு அதிகாரியுடன் உட்கார்ந்து ஒவ்வொரு ஹூட்டாக விவாதித்தோம். அவர் விட்டுக்கொடுக்காத இடங்களில் நானும் வற்புறுத்தவில்லை. அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். கடைசியில் ஹூட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குழாயும் உத்தரத்துக்கு அடியில் அடங்கியது.

மின்விசிறியின் கணக்கு இன்னும் இனிப்பானது. காற்றின் அளவை 20 சதவீதம் குறைத்தாலே, கோட்பாட்டின்படி விசிறிக்கான மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வெளியேறும் காற்றின் வெப்பத்தையோ குளிர்ச்சியையோ மீட்டு உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்க, இரு காற்றும் கலக்காதபடி நீர் ஓடும் குழாய்ச்சுருள்களை இணைத்தோம். அதிர்வு தாங்காத எலெக்ட்ரான் நுண்ணோக்கிகள் தரைத்தளத்துக்குப் போயின.

மேல்தளத் தாழ்வாரத்தின் ஒரு வளைவில் மட்டும் குழாய் தாழ்ந்தே போகிறது. அங்கே காற்றின் இரைச்சலும் அதிகம். அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் அதை மாற்ற வேண்டும் என்று வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன்.