காற்று 0.9, காற்று 2.5

2022 ஜூலை 23, சனி

உலகத் தடகளப் போட்டி நடக்கும் அமெரிக்காவின் யூஜினில் வெள்ளி இரவு, கோலாலம்பூரில் சனி காலை. பதினொன்று ஆகப்போகிறது. பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் பசியாற வந்தவர்கள் எழுந்து போகாமல் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் சிட்னி மெக்லாக்லின் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 50.68 நொடியில், உலகச் சாதனையோடு முடித்தார். முதலில் எழுந்தது கைத்தட்டல் இல்லை, ஒரு கேள்வி: "தடையை எடுத்துட்டாங்களா லா?"

கேள்வியில் தப்பில்லை. மலேசியப் பெண்களின் தடையில்லாத 400 மீட்டர் தேசியச் சாதனைகூட 50.68-ஐத் தொட்டதில்லை. தடை ஓட்டத்தில் நம் சாதனை நோராசீலா முகமட் காலிட் 2006-ல் ஓடிய 56.02. மெக்லாக்லின் போன வருடம் தோக்கியோவில் 51.46, போன மாதம் இதே யூஜினில் 51.41. நூறில் ஐந்து பங்கு குறைத்தவர் இன்று ஒரே மூச்சில் 0.73 குறைத்துவிட்டார். இரண்டாவது வந்த ஃபெம்கே போல் 52.27, மூன்றாவது தலிலா முகமது 53.13. தொலைக்காட்சிக்காரர்கள் மூவரையும் ஒரே காட்சிக்குள் அடக்கத் திண்டாடினார்கள்.

கால்களைக் கவனித்தவர்கள் குறைவு. பெண்கள் 400 மீட்டரில் 76.2 செ.மீ. உயரத்தில் பத்துத் தடை. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், தடைக்குத் தடை 35, கடைசித் தடையிலிருந்து 40. அந்த 35 மீட்டரில் தாண்டுவதற்கே ஏறக்குறைய 3 மீட்டர் போய்விடும். மீதி 32 மீட்டரை 15 காலடியில் ஓடினால் ஒரு காலடி சுமார் 2.13 மீட்டர். 14 காலடியில் ஓடினால் 2.29. பார்க்க ஒரு சாண்கூட இல்லை, ஆனால் அதைத் தடைக்குத் தடை நீட்டிக்கொண்டே போக வேண்டும். தவிர, 15 ஒற்றைப்படை என்பதால் எல்லாத் தடைக்கும் ஒரே கால் முன்னே வரும். 14 என்றால் தடைக்குத் தடை கால் மாறும். ஒரே காலை நம்பியவர் ஏழாவது தடையருகே களைத்துப்போனால் 15-லிருந்து 16-க்கு இறங்க முடியாது. 17 வைக்கக் காலடியை நறுக்க வேண்டும், அங்கேதான் வேகம் செத்துப்போகும். மெக்லாக்லினுக்கு இரண்டு காலும் ஒன்றுதான். 14-லிருந்து 15-க்கு மாறியது பலர் கண்ணில் படவே இல்லை.

இன்னொரு மேசையிலிருந்து, "காத்து எவ்வளவுன்னு போடவே இல்லையே?" போட மாட்டார்கள். 100, 200, 100 மீட்டர் தடை, 110 மீட்டர் தடை, நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் இவற்றுக்குத்தான் காற்றுக் கணக்கு. ஒரு முழுச் சுற்று ஓடினால் ஒரு பக்கம் தள்ளுகிற காற்று மறுபக்கம் தடுத்துவிடும்.

ஜூலை 25, திங்கள், காலை

வேலைநாள். எல்ஆர்டி ரயிலில் நின்றபடி கைப்பேசியில் பார்த்தவர்களே அதிகம். 100 மீட்டர் தடை, முதல் அரையிறுதி. நைஜீரியாவின் டோபி அமுசான் 12.12 நொடி, பின்காற்று நொடிக்கு 0.9 மீட்டர். உலகச் சாதனை.

பழைய சாதனை கெண்ட்ரா ஹாரிசன் 2016-ல் லண்டனில் ஓடிய 12.20. அதற்கும் முன்னே பல்கேரியாவின் யொர்தாங்கா தொன்கோவா 1988-ல் ஓடிய 12.21, இருபத்தெட்டு வருடம் நின்றது. ஹாரிசனும் இதே அரையிறுதியில்தான் ஓடினார்: 12.27, இரண்டாவது. தன் சாதனை பறிபோவதைப் பக்கத்திலிருந்தே பார்க்க நேர்ந்தது.

புலன (வாட்ஸ்அப்) குழுவில் நைஜீரியக் கொடி, நெருப்பு, அழுகிற முகம் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. இரண்டு மணி நேரத்துக்குள் இறுதி ஓட்டம். அமுசான் 12.06! பிரிட்டனி ஆண்டர்சனும் ஜாஸ்மின் கமாச்சோ-குவினும் ஒரே 12.23, நிழற்பட முடிவில் வெள்ளியும் வெண்கலமும் பிரிந்தன. நைஜீரியாவுக்கு உலகப் போட்டியின் முதல் தங்கம். "ஒரே காலையில் ரெண்டு சாதனை" என்று ஒரு தம்பி போட்டார். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார். காற்று 2.5, சாதனையாக ஏற்க முடியாத அளவு.

ஜூலை 25, இரவு

நாள் முழுக்க ஒரே சண்டை: தங்கம் கொடுத்துவிட்டு நேரத்தை மட்டும் எப்படித் தள்ளுவார்கள்?

யார் முதலில் வந்தார் என்பதைக் காற்று மாற்றாது, எட்டுப் பேருக்கும் ஒரே காற்று. சாதனை என்பது இன்று ஓடியவரை 1988-ல் ஓடியவரோடு ஒப்பிடுவது. அதற்குத்தான் 2.0 என்ற எல்லை. 2.0 செல்லும், 2.1 செல்லாது. இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. கருவி 2.01 என்று காட்டினால் அதை 2.1 ஆகத்தான் எழுத வேண்டும், கீழே இறக்கக் கூடாது.

அளப்பது இப்படி: முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, முதல் தடத்தை ஒட்டி, ஓடுதளத்திலிருந்து 2 மீட்டருக்குள், 1.22 மீட்டர் உயரத்தில் கருவி. துப்பாக்கி வெடித்ததும் தொடங்கி 13 நொடி அளந்து சராசரி. தடையில்லாத 100 மீட்டருக்கு 10 நொடி போதும். பள்ளிப் போட்டிகளில் அடிக்கடி நடக்கிற பிழை இங்கேதான்: கருவி 10 நொடியிலேயே நிற்கும், தடை ஓட்டத்துக்கு மாற்றி வைக்க மறந்துவிடுவார்கள். கொடி பறப்பதைப் பார்த்துக் காற்றைச் சொல்கிற அங்கிள்மாருக்கும் ஒரு வார்த்தை: கொடி கூரை உயரத்தில், ஓடுகிறவர் தரையில்.

பின்காற்று தடை ஓட்டக்காரருக்கு முழு வரமும் இல்லை. தடைக்குத் தடை 8.50 மீட்டர், காற்று வந்தால் அது நீளாது. தாண்ட ஏறக்குறைய 3 மீட்டர் போக, மீதி ஐந்தரை மீட்டரில் மூன்று காலடி வைக்க வேண்டும். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளினால் காலடி தானாக நீண்டு, தடையின் மூக்கடியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அப்போது முன்கால் நேராக வராது, முட்டி இடிக்கும், அல்லது உடம்பு மேலே எழும்பி நேரம் காற்றில் போகும். 2.5 காற்றில் பத்துத் தடையையும் தாண்டி 12.06-ல் வந்தது என்றால் அந்த மூன்று காலடியைச் சுருக்கிச் சுருக்கி வைத்திருக்கிறார். சாதனைப் பட்டியலில் ஏறாத அந்த ஓட்டம்தான் இரண்டில் கடினமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஜூலை 26, செவ்வாய்

கடிகாரச் சண்டை. முன்னாள் ஒலிம்பிக் ஓட்ட வீரர் மைக்கேல் ஜான்சன் போட்ட பதிவுதான் பொறி. ஒரே சுற்றில் இத்தனை பேர் சொந்தச் சாதனை, இத்தனை தேசியச் சாதனை, உலகச் சாதனை 0.08 குறைந்திருக்கிறது, நேரம் சரிதானா என்று கேட்டார். ஆப்பிரிக்கப் பெண் என்பதால் சந்தேகமா என்று நைஜீரிய ரசிகர்கள் பாய்ந்தார்கள். நம் குழுவும் இரண்டாகப் பிரிந்தது. சந்தேகப்பட்டவர்கள் கையில் இன்னொரு துருப்பும் இருந்தது: போன வாரம் இதே அரங்கில் 110 மீட்டர் தடை இறுதியில் டெவன் ஆலன் 0.099 நொடியில் அசைந்தார் என்று வெளியேற்றப்பட்டார். எல்லை 0.100.

இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆலனைப் பிடித்தது தொடக்கக் கட்டையில் பொருத்திய உணர்கருவி, கால் கட்டையை அழுத்துவதை அளப்பது அது. ஓட்ட நேரத்தை எடுப்பது முடிவுக் கோட்டை மட்டும் கோடு கோடாகப் படம் பிடிக்கும் நிழற்படக் கருவி. துப்பாக்கியின் மின்குறிப்பு அதை ஓடவிடும், பிறகு அந்தப் படத்தில் உடற்பகுதி கோட்டைத் தொடும் இடத்தை ஒருவர் வாசித்துச் சொல்கிறார். தலை, கை, கால் கணக்கில் இல்லை. துப்பாக்கியையும் படத்தையும் பொருத்திப் பார்க்கும் சுழியச் சோதனை நடந்திருக்காவிட்டால் உலகச் சாதனை விண்ணப்பமே செல்லாது.

ஓடுதள ஓரத்தில் மின்னுகிற கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஒளிக்கற்றை அறுபட்டால் நிற்கிற கருவி அது. 2016-ல் லண்டனில் ஹாரிசனுக்கு அது முதலில் வேறொரு நேரத்தைக் காட்டியது, 12.20 பிறகுதான் வந்தது.

செந்தூலிலிருந்து ஓர் அண்ணன் காணொளியை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணி, "12.3 வருது, பாருங்க" என்று போட்டார். உழைப்பு நல்ல உழைப்பு, எண்ணிய முறை கோளாறு. 30 ஃபிரேம் காணொளியில் ஒரு ஃபிரேம் 0.033 நொடி. இரண்டு மூன்று ஃபிரேம் தவறினாலே 0.08 போயிற்று. அவர் திரையின் கடிகாரம் ஓடத் தொடங்கிய ஃபிரேமிலிருந்து எண்ணியிருக்கிறார். அந்த எழுத்து ஒளிபரப்பில் ஒட்டவைப்பது, படத்தோடு ஒட்டியே வரும் என்று சொல்ல முடியாது. சரியான வழி:

முதல் அசைவு தெரிகிற ஃபிரேமைப் பிடியுங்கள், பின்குதிகால் கட்டையில் அழுந்தும் இடம். அங்கிருந்து நெஞ்சு கோட்டைத் தொடும் ஃபிரேம் வரை எண்ணி, முடிவுத் தாளில் அச்சிட்ட எதிர்வினை நேரத்தைக் கூட்டுங்கள். கேமரா கோட்டுக்கு நேராக இல்லாவிட்டால் கடைசி ஃபிரேமும் பொய் சொல்லும், அதனால் பக்கவாட்டுக் காட்சியை மட்டும் எடுங்கள். இப்படிச் செய்தாலும் நூறில் நாலைந்து பங்கு பிழை இருக்கும்.

இதைவிட எளிய சோதனை ஒன்று அன்று காலையிலேயே நடந்துவிட்டது. காற்று 0.9-ல் 12.12. காற்று 1.6 கூடியதும் 12.06. பின்காற்று கூடினால் நேரம் எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. அரையிறுதிக்கு மட்டும் கடிகாரம் கோளாறு என்றால் இறுதியில் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை.

ஜான்சன் கேட்டது தப்பில்லை. பதில் வந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் தப்பு.

ஜூலை 28, வியாழன்

இப்போது காலணி. அமுசான் அணிந்தது அடிடாஸ் அவந்தி, நெடுந்தூர ஓட்டத்துக்கான ஆணிக்காலணி. பருவத் தொடக்கத்தில் பாதத்தில் வலி இருந்ததால் மென்மையான அடிப்பகுதி கேட்டதாக அவரே சொல்லிவிட்டார். 800 மீட்டருக்குக் குறைந்த ஓட்டங்களுக்கு அடிப்பகுதி 20 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பது 2022-ன் விதி. புதிய நுரையும் தகடும் எல்லாருடைய நேரத்தையும் இறக்கியிருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பக்கத்துத் தடத்தில் ஓடியவர்களும் வெறுங்காலோடு ஓடவில்லையே.

ஜூலை 30, சனி

இந்த வாரம் திடல்களில் தடை கேட்கும் சிறுமிகள் கூடிவிட்டார்கள். நல்லதுதான். தடையை வைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

தடையின் கால் நீட்டியிருக்கும் பக்கம் ஓடிவருகிறவரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் இடித்தாலும் தடை சாயாது, பிள்ளைதான் சாயும். அவசரத்தில் அடுக்கும்போது நடப்பது இதுவே, எட்டுத் தடத்தில் ஒன்று திரும்பியிருந்தாலும் போதும். ஓடவிடுவதற்கு முன் ஒருவர் முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரை நடந்து பார்க்கட்டும்.

எடைக்கட்டி. உயரத்தை மாற்றும்போது அடியில் உள்ள கட்டியையும் நகர்த்த வேண்டும். தடையின் மேற்பலகை நடுவில் 3.6 கிலோவுக்கும் 4 கிலோவுக்கும் இடைப்பட்ட விசையில் சாய வேண்டும். சோதிக்கப் பயணப்பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசு போதும்: பலகை நடுவில் கயிற்றைக் கட்டிக் கிடைமட்டமாக மெல்ல இழுங்கள், தடை எழும்பும்போது எண்ணைப் படியுங்கள். 76.2-ல் சரியாக இருந்த தடையை 83.8-க்கு ஏற்றிவிட்டுக் கட்டியை அப்படியே விட்டால் விசை குறைந்து எளிதில் சாய்ந்துவிடும். துருப்பிடித்த கட்டி நகரவே நகராது. மழைக்காலம் முடிந்ததும் எண்ணெய் விடாத திடலில் இது நிச்சயம்.

அடையாளக் கோடுகள்: 100 மீட்டர் தடைக்கு மஞ்சள், 110-க்கு நீலம், 400-க்குப் பச்சை. பெயிண்ட் மங்கிய திடலில் நீலத்தையும் பச்சையையும் மாற்றிப் பிடிப்பவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் நாடா பிடியுங்கள், 100 மீட்டர் தடைக்கு: 13.00, பிறகு ஒன்பது முறை 8.50, மீதி 10.50.

புதிதாக வருகிறவர்களை நேராக 8.50-ல் விட வேண்டாம். எட்டாமல் நாலு காலடி வைக்கும், கால் மாறும், பயம் வரும். தடையைத் தாழ்த்தி, இடைவெளியை 7 மீட்டருக்குக் கொண்டுவந்து, மூன்று காலடி தாளம் உடம்பில் ஏறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். தாளம் முதலில், உயரம் பிறகு. இடித்துத் தள்ளினால் ஆட்டம் போச்சா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. கையாலோ உடம்பாலோ முன்காலின் மேற்பக்கத்தாலோ தள்ளினால், பின்கால் தடைக்குப் பக்கவாட்டில் பலகைக்குக் கீழே போனால், அடுத்தவர் ஓட்டத்தைக் கெடுத்தால் போச்சு.

ஆகஸ்ட் 8, திங்கள்

பர்மிங்காமில் நேற்று காமன்வெல்த் இறுதி. அமுசான் 12.30, போட்டிச் சாதனை. டெவின் சார்ல்டன் 12.58, சிண்டி செம்பர் 12.59. வேறு நாடு, வேறு ஓடுதளம், வேறு கடிகாரம். பின்னால் வந்தவரோடு கால் நொடிக்கும் மேல் இடைவெளி. செந்தூல் அண்ணன் குழுவில் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

குழுவின் மூத்த அக்கா தேதியைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றைக் கிளப்பினார். 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலஸ், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல் முறையாக 400 மீட்டர் தடை. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கெல் 54.61, அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, ருமேனியாவின் கோஜோகாரு 55.41, பி.டி. உஷா 55.42. போன மாதம் உஷா மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்ற படத்தையும் அதே அக்காதான் போட்டிருந்தார்.

அன்று முதல் தொடக்கம் செல்லாமல் போய் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போதைய விதியாக இருந்தால் தவறியவர் அங்கேயே வெளியே போயிருப்பார், அப்போது ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள். உஷாவும் மறுபடி கட்டையில் கால் வைத்தார். 400 மீட்டர் ஓடி, பத்துத் தடை தாண்டி, வெண்கலம் நூறில் ஒரு பங்கில் போயிற்று. அந்த வேகத்தில் நூறில் ஒரு பங்கு நொடி என்பது ஏழெட்டு சென்டிமீட்டர்: 55 நொடியில் 400 மீட்டர், வகுத்துப் பாருங்கள். தடையின் மேற்பலகை அகலமே 7 சென்டிமீட்டர்.

"நெஞ்சை நீட்டியிருந்தா வந்திருக்கும்" என்று அக்கா எழுதினார். நீட்டுவதற்கும் பழக்கம் வேண்டும். 400-ல் கடைசித் தடைக்குப் பிறகு 40 மீட்டர், 100-ல் பத்தரை மீட்டர்தான். 100-ல் தரையிறங்கி ஐந்தாறு காலடிக்குள் கோடு வந்துவிடும். கோட்டுக்கு முந்தைய கடைசிக் காலடியில்தான் தோளைச் சாய்க்க வேண்டும். இரண்டு காலடி முன்னதாகவே குனிந்தால் வேகம் விழுந்துவிடும், நேற்றுத் திடலில் மூன்று பிள்ளைகள் அப்படித்தான் குனிந்தார்கள். அடுத்த சனி கோட்டுக்கு முன்னே இரண்டு மீட்டரில் ஒரு கூம்பு வைத்து, அதைத் தாண்டிய பிறகே குனிய விடவேண்டும்.