புது பிக்கப்பில் விடாத உதறல்: 12, 43 என்ற இரண்டு எண்கள்

வாங்கிச் சில மாதங்களே ஆன பிக்கப். மெதுவாக ஓட்டும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் ஏறி மணிக்கு 95 கிலோமீட்டரைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு உதறல் கிளம்பும். 105-இல் உச்சத்துக்குப் போகும், 120-ஐ நெருங்கினால் கொஞ்சம் அடங்கும். உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் விளக்குகள் கலங்கித் தெரியும். பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டிலில் வட்டம் வட்டமாக அலை எழும். ஸ்டியரிங் மட்டும் ஏறத்தாழ அமைதியாகவே இருக்கும். இந்தக் கடைசி விவரம் பிற்பாடு ரொம்ப உதவியது. முன் சக்கரத்தில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங் கையில் துள்ளும். பின்பக்கம் என்றால் இருக்கையும் தரையும் நடுங்கும்.

சர்வீஸ் சென்டரில் முதலில் நான்கு டயர்களையும் பேலன்ஸ் செய்து கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அடுத்து வீல் அலைன்மென்ட். அலைன்மென்ட் தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகும் அதிர்வுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அதையும் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. அதன்பின் சர்வீஸ் அட்வைசர் சொன்னார்: "சார், இது லேடர் சேஸிஸ் வண்டி, பின்னாடி லீஃப் ஸ்பிரிங் வேற. இந்த மாடலே இப்படித்தான்."

பாதி உண்மை அது. சட்டம் தனி, கேபின் தனி, பின்தொட்டி தனி என்று அமைந்த வண்டி கார் மாதிரி மிதக்காது. தொட்டி காலியாக இருக்கும்போது பின் ஸ்பிரிங் பட்டைகள் விறைப்பாக நின்று மேடு பள்ளத்தை அப்படியே மேலே அனுப்பும். ஆனால் அது சாலையைப் பொறுத்து வருகிற குலுக்கல். வழுவழுப்பான சாலையில், ஒரே வேகத்தில், விடாமல் ஒரே தாளத்தில் வருகிற நடுக்கம் வேறு. ஏதோ ஒன்று சுழலும்போது மையம் தப்பிச் சுழல்கிறது என்று அதற்கு அர்த்தம். இதை வாயால் சொல்லி ஜெயிக்க முடியவில்லை. "சரி, அப்படியானால் இதே மாடலில் இன்னொரு வண்டியை இதே சாலையில் இதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்போம், டெக்னீஷியனும் கூட வரட்டும்" என்று கேட்டேன். அவர்களிடம் டெஸ்ட் டிரைவுக்கு ஒரு வண்டி இருந்தது. அதில் 105-இல் கண்ணாடி அசையவே இல்லை. அதன்பிறகு "மாடலே இப்படித்தான்" என்ற பேச்சு எழவில்லை.

அந்த ஓட்டத்திலேயே என் வண்டியில் சில சோதனைகளையும் செய்தோம். காலியான, நேரான, சமதளச் சாலை கிடைத்தால் எவரும் செய்யலாம். 105-இல் ஓடும்போது எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற அளவு) இருக்கிறதோ, நிற்கும் வண்டியில் அதே அளவுக்கு உயர்த்திப் பார்ப்பது முதலாவது. அங்கே நடுக்கம் வந்தால் எஞ்சின் மவுண்ட், ஃபேன் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். என் வண்டியில் வரவில்லை. அடுத்தது, 105-இல் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றி உருள விடுவது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் போய்விடும். நியூட்ரலிலும் நடுக்கம் அப்படியே தொடர்ந்தது. ஆக, எஞ்சின் கணக்கில் இல்லை. மிச்சம் இருப்பவை சக்கரங்களும், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும்தான்.

இன்னொன்றும் பார்த்தோம். புதிய ஆட்டோமேட்டிக் பிக்கப்புகளில் டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பகுதி) இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடிப்பதால் ஒரு நடுக்கம் வரும். சாலையோர எச்சரிக்கைக் கோடுகள்மேல் ஓட்டுவது போலிருக்கும். ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திச் சீராகப் போகும்போதுதான் அது தெரியும். அப்போது இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் லாக்கப் விடுபட்டு நடுக்கம் சட்டென நிற்கும். அப்படி நின்றால் கியர்பாக்ஸ் ஆயிலில் இருந்து பார்க்கத் தொடங்கலாம். என் வண்டியில் எந்த மாற்றமும் இல்லை. சில வி8 எஞ்சின்கள் எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பாதி சிலிண்டர்களை நிறுத்திக்கொள்ளும்போது வேறொரு முரல் வரும். என்னுடையது நாலு சிலிண்டர் டீசல் என்பதால் அந்தக் கேள்வியே இல்லை.

இதற்கு மேல் எதையும் கழற்றாமல் கண்டுபிடிக்க ஒரு வழி, அதிர்வின் வேகத்தை அளப்பது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். செல்போனுக்குள் அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. அதைப் படித்து, நொடிக்கு எத்தனை அதிர்வு என்று வரைபடமாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போனை இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் இறுகக் கட்டிவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பதிவு செய்யச் சொன்னேன். கிடைக்கும் எண்ணோடு ஒப்பிட, முன்கூட்டியே ஒரு கணக்கும் போட்டு வைத்தேன்.

கணக்கு சுலபம். என் டயர் 265/65 ஆர்17. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். வகுத்தால் நொடிக்குச் சுமார் 12 சுற்று, அதாவது 12 ஹெர்ட்ஸ். ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பும் டிஃபரன்ஷியலின் பல் விகிதம் ஏறக்குறைய 3.7, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 3.7 சுற்றுச் சுற்றும் என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே வேகத்தில் 43 ஹெர்ட்ஸில் சுற்றும். எஞ்சின் 1800 ஆர்பிஎம்மில் இருந்தால் 30 ஹெர்ட்ஸ். மூன்றும் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பதால் குழப்பமே இல்லை.

பதிவைத் திறந்து பார்த்தால் 12-இல் பெரிய முனை ஒன்று நின்றது. கூடவே 43-இல் சின்னதாக இன்னொன்று. இரண்டாவதை முதலில் நம்பவில்லை. பல போன்கள் நொடிக்கு 100 முறைதான் அளவெடுக்கும். அப்படியானால் 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வு மடங்கிப் பொய்யான எண்ணாகத் தெரிய வாய்ப்புண்டு. அதனால் மணிக்கு 80 கிலோமீட்டரிலும் ஒரு பதிவு எடுத்தோம். முனை 43-இலிருந்து 34 பக்கம் இறங்கியது. வேகத்தோடு சரிவிகிதத்தில் நகர்கிறது என்றால் அது ஷாஃப்ட்டே தான்.

ஆக, வண்டியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கோளாறுகள் உட்கார்ந்திருந்தன. பேலன்ஸிங் செய்தபோது கொஞ்சம் குறைந்து முழுதாகப் போகாமல் இருந்த காரணமும் விளங்கியது. இந்த முறை ஜாப் கார்டில் "வண்டி அதிர்கிறது" என்று எழுத விடவில்லை. "சமதளச் சாலை, டயர் சூடான பின், 95 முதல் 110 வரை, இருக்கையிலும் தரையிலும் அதிர்வு, நியூட்ரலிலும் மாறவில்லை, 100-இல் 12 மற்றும் 43 ஹெர்ட்ஸ்" என்று எழுதச் சொல்லி, நகலும் வாங்கிக்கொண்டேன். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தத் தாள் முக்கியம். குறை எப்போது முதல்முறை சொல்லப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

டயரில் இருந்து தொடங்கினார்கள். ரிம்முக்குள் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு கைப்பிடிச் சேறு போதும், பேலன்ஸ் போய்விடும். காற்றழுத்தம் சரியாக இருந்தது. புது வண்டிகளை ஏற்றி அனுப்பும்போது அதிகக் காற்று அடித்து அனுப்புவார்கள், டெலிவரிக்கு முன் குறைக்க மறந்துபோவதும் நடக்கும், அதனால் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்புறம், நான் கேட்டபடி, டயரை அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் ரோடு ஃபோர்ஸ் எந்திரம் இருக்கிற இடத்துக்குச் சக்கரங்களை அனுப்பினார்கள்.

சாதாரண பேலன்ஸிங் எடை எந்தப் பக்கம் கூடுதல் என்பதை மட்டும்தான் பார்க்கும். கோழிமுட்டை வடிவத்தில் ஒரு சக்கரம் செய்தாலும் ஈயக்கட்டி ஒட்டி அதை பேலன்ஸ் ஆக்கிவிடலாம். தரையில் உருளும்போது குதிக்கத்தான் செய்யும். ரோடு ஃபோர்ஸ் எந்திரத்தில் ஒரு பெரிய உருளை, வண்டியின் பாரம் அழுத்துவது போல டயரை அழுத்திக்கொண்டே சுழற்றும். டயரின் ஒரு பகுதி மற்ற பகுதியைவிட விறைப்பாக இருந்தால் உருளையைத் தள்ளும் விசை அந்த இடத்தில் ஏறும். என் பின் டயர்கள் இரண்டிலும் அந்த ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தது. ஒன்றை ரிம்மிலிருந்து கழற்றி, டயரின் மேடான இடமும் ரிம்மின் தாழ்வான இடமும் ஒன்றாக வரும்படி திருப்பி மாட்டியதும் அளவு நன்றாக இறங்கியது. மற்றது எப்படித் திருப்பினாலும் இறங்கவில்லை. டயர் நிறுவனத்தின் வாரண்டியில் அதை மாற்றினார்கள். சக்கரம் உட்காரும் ஹப் முகத்தைத் துடைத்து, நட்டுகளை நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கும்வரை பக்கத்தில் நின்றேன். இம்பாக்ட் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால் சக்கரம் ஒரு நூல் சாய்ந்து உட்கார வாய்ப்புண்டு.

அடுத்த ஓட்டத்தில் இருக்கை உதறவில்லை, கண்ணாடி தெளிந்துவிட்டது. ஆனால் இதுவரை உதறலுக்குள் மறைந்திருந்தது வெளியே வந்தது: பாதத்தில் ஒரு மெல்லிய ரீங்காரம், காதுக்குள் லேசான அழுத்தம். பதிவில் 12 அடங்கியிருந்தது, 43 அப்படியே நின்றது. "இவ்வளவு குறைஞ்சிடுச்சே சார், போதாதா?" என்றார் அட்வைசர். போதாது. ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், அதை மடங்கவிடும் மூட்டான யூஜே கிராஸ், டிஃபரன்ஷியல் வாயில் எண்ணெய் கசியாமல் காக்கும் பினியன் சீல் எல்லாம் அந்த நடுக்கத்தை ஒவ்வொரு கிலோமீட்டரும் வாங்கிக்கொண்டிருக்கும். வாரண்டி முடிந்தபின் அவை போனால் செலவு என் தலையில்.

ஷாஃப்ட் விஷயத்தில் கொஞ்சம் வாதம் நடந்தது. சென்டர் பேரிங்கின் கீழே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து கோணத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். யூஜே கோணம் தப்பினால் ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு வரும். 43-க்குப் பதில் 86 தெரிய வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் ஷாஃப்ட்டின் எடை சமமாக இல்லை, அல்லது அது மையம் தப்பிச் சுற்றுகிறது. செல்போனை வைத்து 86-ஐ அளக்க முடியாது என்பதால், அவர்களிடமிருந்த அதிர்வுமானியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதிலும் ஒற்றை 43 தான்.

மூத்த டெக்னீஷியன் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, பின் அச்சைத் தாங்குகட்டைமேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, பிரேக் டிரம்களை நட்டு போட்டுப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். டயரே இல்லாமல் ரீங்காரம் வந்தது. (வீட்டில் ஜாக்கி வைத்து இதை யாரும் செய்துவிடக் கூடாது.) எஞ்சினை நிறுத்திவிட்டு, டிஃபரன்ஷியல் பக்க ஃபிளேஞ்சில் (ஷாஃப்ட்டைப் பிணைக்கும் வட்டத் தகடு), நுண்ணிய கோணலை ஊசியில் காட்டும் டயல் கேஜை ஒட்டி ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஊசி ஏறி, கையேட்டில் போட்டிருந்த எல்லையைக் கடந்து, திரும்ப இறங்கியது. நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட்டை ஃபிளேஞ்சில் 180 டிகிரி திருப்பி மாட்டினார். இரண்டின் கோணலும் முன்பு ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இப்போது ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பது இதன் கணக்கு. 43-இன் உயரம் பாதிக்கு மேல் குறைந்தது. அதையே ஆதாரமாகக் காட்டி நிறுவனத்துக்கு எழுதினார். புது ஷாஃப்ட் வாரண்டியில் வந்தது. மாட்டும்போது ஃபிளேஞ்சில் எல்லா நிலைகளிலும் வைத்துப் பார்த்து, கேஜ் ஊசி குறைவாக ஆடிய இடத்தில் இறுக்கி, பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டார்.

இப்போது 105-இல் பதிவு எடுத்தால் இரண்டு இடத்திலும் முனை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தொட்டியில் பாரம் ஏற்றி ஒன்று, காலியாக ஒன்று என்று பதிவுகளைத் தேதி போட்டுச் சேமித்து வைத்திருக்கிறேன். போன டயர் ரொட்டேஷனில், திருப்பி மாட்டிய அந்தப் பின் டயர் முன்னால் வந்தது. ஸ்டியரிங்கில் 108 பக்கம் மெல்லிய ஒரு துடிப்பு தெரிகிறது. ஜாப் கார்டில் அதையும் எண்ணோடு எழுத வைத்திருக்கிறேன். அடுத்த சர்வீசில் அந்தச் சக்கரத்தை மட்டும் மறுபடி ரோடு ஃபோர்ஸ் எந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.