மல்லிகைக் காம்பும் என் வலக்கையும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம், எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய பூக்கடை உண்டு. பன்னிரண்டு வயது முதல் அங்கே சரம் தொடுத்த என் வலக்கை, மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கிய பக்கவாதத்துக்குப் பின் ஒற்றை மல்லிகையைக்கூட எடுக்க முடியாமல் தவித்தது. தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மூளையிலிருந்து அவற்றுக்கு வரும் கட்டளைதான் தடைப்பட்டது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கியபோது, ஆறுதலைவிட எரிச்சலே மிகுந்தது.

வீடு திரும்பிய மூன்று மாதங்களில் எல்லா வேலைகளையும் இடக்கையால் செய்யப் பழகியிருந்தேன். அந்தச் சாமர்த்தியமே எனக்குப் பகை என்றார் அவர். உணர்ச்சி நரம்புகள் துண்டிக்கப்பட்ட கையைக் குரங்குகள் அடியோடு கைவிட்டதையும், நல்ல கையைக் கட்டிவைத்ததும் அவை கைவிட்ட கையாலேயே உணவை எடுத்ததையும் கண்ட எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த சிகிச்சையை அவர் எனக்குப் பரிந்துரைத்தார். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமாக நிமிர்த்த முடிந்தவர்களுக்கே அது பொருந்தும். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் சுமார் 90 விழுக்காடு, என் இடக்கை தடித்த உறைக்குள் கிடந்தது. நாள்தோறும் பல மணி நேரம் வலக்கைக்குப் பயிற்சி. சோறு உண்ணவே ஒரு மணி நேரம் ஆனது. அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை.

சரம் தொடுக்க இரண்டு கைகளும் வேண்டுமாதலால், முதலில் ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குப் பூக்களை மாற்றுவதே என் பாடம். எடுத்த பூவெல்லாம் நசுங்கின. பொருளைத் தொடுவதற்கு முன்பே, அதற்கு எவ்வளவு அழுத்தம் போதும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறதாம். விரல்நுனி அனுப்பும் செய்தியைக் கொண்டு சிறுமூளை அக்கணிப்பைத் திருத்துகிறதாம். என் விரல்நுனியோ பாதி மரத்துக் கிடந்தது. எனவே கண்ணால் பார்த்துப் பார்த்து அழுத்தத்தைக் குறைத்தேன். கண் வழியே வரும் திருத்தம் தாமதமானது என்பதால், அது வந்து சேர்வதற்குள் காம்பு அறுந்துவிடும்.

உறை கழன்ற பின் நாரைக் கையில் எடுத்தேன். முடிச்சு எப்படி விழுகிறது என்று யோசித்த ஒவ்வொரு முறையும் சிக்கியது. வாடிக்கையாளருடன் விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் முதல் முடிச்சு ஒழுங்காக விழுந்தது. முன்பு ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு முழத்துக்கு இப்போது கால் மணி நேரம் ஆகிறது. அம்மா இன்னமும் என் சரங்களைத் தனிக் கூடையில்தான் வைக்கிறார்.