ஜீவத்தண்ணீர் என்றால் ஊறுகிற தண்ணீர்

யோவான் 4-ஆம் அதிகாரத்தை வைத்து நம் ஊர்களில் வராத பிரசங்கம் இல்லை. ஆனால் கிணற்றடியில் இயேசு ஜீவத்தண்ணீர் தருவதாகச் சொன்னபோது அந்தச் சமாரியப் பெண் ஏன் அப்படி ஒரு கேள்வி கேட்டாள் என்பதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். மொண்டுகொள்ளப் பாத்திரம் இல்லை, கிணறும் ஆழம், பிறகு ஜீவத்தண்ணீர் எங்கிருந்து வரும் என்கிறாள். புரியாமல் கேட்டாள் என்று அவளைத் தள்ளிவிடக் கூடாது. அவள் காதில் விழுந்த சொல்லுக்கு அன்றைய வழக்கில் நேரான பொருள் ஒன்று இருந்தது. எபிரேயத்தில் ‘மயிம் ஹயிம்’, சொல்லுக்குச் சொல் பார்த்தால் உயிருள்ள தண்ணீர். புழக்கத்தில் அது ஊற்றுநீர், ஓடும் நீர். மழையைப் பிடித்துத் தொட்டியில் தேக்கிய நீருக்கு அந்தப் பெயர் கிடையாது. ஈசாக்கின் வேலைக்காரர் பள்ளத்தாக்கில் தோண்டிக் கண்ட நீருக்கும் (ஆதியாகமம் 26:19), குஷ்டம் நீங்கியவரின் சுத்திகரிப்புக்கு மண்பாண்டத்தில் எடுக்கும் நீருக்கும் (லேவியராகமம் 14:5) மூலத்தில் இதே சொல்தான். தமிழில் இடத்துக்கு இடம் வேறு சொல்லாக வருவதால் இந்தத் தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை.

யோவானும் கிரேக்கத்தில் இரண்டு சொற்களை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். 6-ஆம் வசனத்தில் யாக்கோபின் ஊற்று. 11, 12-இல் வெட்டிய கிணறு. 14-இல் மறுபடி ஊற்று, இந்த முறை குடிப்பவருக்கு உள்ளேயே. நாப்லுஸ் நகரில் ஒரு தேவாலயத்துக்குள் இன்றும் இருக்கிற அந்தக் கிணறு ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம். நம் அளவில் 130 அடி. அத்தனை நீளக் கயிற்றைத் தினமும் கையால் இழுத்தவள், இனி இங்கே வரவேண்டாம்படி அந்தத் தண்ணீரைத் தாரும் என்று கேட்டதில் ஆச்சரியம் என்ன?

இந்த வேறுபாடு நமக்கு உறைக்காததற்கு நம் மண்ணும் ஒரு காரணம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பேச்சிப்பாறை அணையைத் திறந்தால் சானலில் தண்ணீர் வந்துவிடும். பைபிள் நடந்த நாட்டில் மழை குளிர்காலத்தில் மட்டும்தான். மே முதல் செப்டம்பர் வரை வானம் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். அதனால்தான் வீட்டுக்கு வீடு சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து தொட்டி வெட்டினார்கள். வாய் குறுகலாக, வயிறு அகலமாக, ஒரு பெரிய குப்பி மாதிரி. உள்ளே சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். கூரையிலும் முற்றத்திலும் விழும் மழை அதற்குள் இறங்கும், கூடவே மண்ணும். ஆண்டுக்கு ஆண்டு அடியில் சேறு ஏறும். பூச்சில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலும் போதும், பாறையின் இடுக்கு வழியாக இரவும் பகலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கோடையில் மூடியைத் திறக்கும்போதுதான் சேதி தெரியும்.

எரேமியா 2:13 இதைத்தான் சொல்கிறது. ஜனங்கள் செய்த தீமை இரண்டு: ஊற்றை விட்டது ஒன்று, வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டது இன்னொன்று. இரண்டாவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தொட்டி வெட்டுவது சோம்பேறியின் வேலை இல்லை. பாறையில் உளி பிடித்தவருக்குத்தான் அதன் பாடு தெரியும். ஊற்றுக்குப் போய்க் குனிந்து குடிப்பதைவிடப் பல மடங்கு உழைப்பு. பக்தியிலும் இதே கதை நடக்கிறது: ஜெபமும் வசனமும் விட்டுப்போன இடத்தில் கமிட்டி, கட்டடம், திருவிழா என்று இரவும் பகலும் வெட்டிக்கொண்டிருப்போம். அந்த எரேமியாவையே பின்னால் ஒரு தொட்டிக்குள் கயிறு கட்டி இறக்கினார்கள். 38:6-ஐப் பாருங்கள்: தண்ணீர் இல்லை, உளைதான் (சேறு) இருந்தது, அதிலே அவர் அமிழ்ந்தார்.

மறைக்கல்வி வகுப்பிலோ ஞாயிறு பள்ளியிலோ இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எளிய வழி உண்டு. ஒரே அளவில் இரண்டு மண்குடம், ஒன்று நல்லது, ஒன்று கீறல் விட்டது. புதுக் குடமானால் முதல்நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல குடமும் தண்ணீரைக் குடித்துப் பாடத்தைக் கெடுத்துவிடும். இரண்டையும் காய்ந்த செங்கல் மேல் வைத்து, குடத்துக்கு 5 லிட்டர் ஊற்றி, பாடத்தைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. கீறல் குடத்தின் அடியில் செங்கல் மெல்ல நிறம் மாறும், பிறகு ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். பாடம் முடியும்போது பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள். பெரிய ஓட்டை போட்ட குடத்தை வைத்துவிடாதீர்கள். நிமிடத்தில் காலியாகிச் சிரிப்பாகிவிடும். எரேமியா பேசுவது கண்ணுக்குத் தெரியாமல் வற்றுவதைப் பற்றி.

யோவான் 7:37-க்கும் பின்னணி தண்ணீர்தான். கூடாரப் பண்டிகையில் ஆசாரியர் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் வார்ப்பார். யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா தரும் அளவு மூன்று லோக், கிட்டத்தட்ட ஒரு லிட்டர். நாமும் ஐப்பசி மழைக்கு வானம் பார்க்கும் காலத்தை ஒட்டித்தான் அந்தப் பண்டிகை வரும். மழைக்காக எல்லாரும் ஏங்கி நிற்கும் நேரத்தில், தாகமாயிருக்கிறவன் என்னிடம் வரட்டும் என்று இயேசு சத்தமிட்டார்.

ஆதித் திருச்சபைக்கு இந்த ‘உயிருள்ள தண்ணீர்’ வெறும் உவமையாக இருக்கவில்லை. ‘திதாக்கே’ என்ற பழைய போதனை நூல் 7-ஆம் அதிகாரத்தில் ஓடும் நீரில் திருமுழுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லையென்றால் வேறு நீர், குளிர்ந்தது ஆகாதென்றால் வெந்நீர், எதுவுமே போதாதபோது தலையில் மூன்று முறை ஊற்று. இன்று தொட்டித் தண்ணீரானாலும் அது தலைமேல் வழிந்து ஓட வேண்டும். அவசரத் திருமுழுக்கு கொடுப்பவர்கள் (மருத்துவமனையில் செவிலியர் கொடுக்கலாம், யாரும் கொடுக்கலாம்) விரலை நனைத்து நெற்றியில் தொட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஒரு சிறு டம்ளர் தண்ணீர் போதும். வார்த்தையும் மாறக் கூடாது. ‘நாங்கள் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறோம்’ என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று வத்திக்கான் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.

பாஸ்கா இரவில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய சனி இரவு) தண்ணீரை மந்திரிக்கும் ஜெபம் படைப்பு, நோவா காலத்து வெள்ளம், செங்கடல், யோர்தான், கிறிஸ்துவின் விலாவிலிருந்து வழிந்த இரத்தமும் தண்ணீரும் என்று வரிசையாக வரும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கே ‘வெள்ளம்’ என்றுதான் பெயர். அழித்ததும் தாகம் தீர்ப்பதும் ஒரே சொல்லில் நிற்பது அந்த ஜெபத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு பாறையும் சாட்சி இருக்கிறது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, பின்னர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த தேவசகாயம், கைதியாக இழுத்துச் செல்லப்பட்டபோது தாகம் தாங்காமல் கைமுட்டால் பாறையை இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது மரபு. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். 1 கொரிந்தியர் 10:4-இல் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் குடித்ததாகப் பவுல் சொல்லும் ஞானபானத்தையும் ஞானக்கன்மலையையும் விளக்க நமக்கு வேறு படம் வேண்டியதில்லை. 2022 மே 15-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு அங்கே கூட்டம் கூடியிருக்கிறது. போகிறவர்கள் அந்தத் தண்ணீரைக் காலியாக்கும் அவசரத்தில் போகாமல், நாவை நனைக்கும் அளவுக்கு எடுத்தால் நல்லது.

கோயில் வாசல் தீர்த்தத் தொட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊற்றைப் பற்றிப் பேசிவிட்டுப் பாசி பிடித்த தண்ணீரில் விரல் நனைப்பது மனதை உறுத்துகிறது. நம் வெப்பத்தில் கொசு முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே சனிக்கிழமை தோறும் மாற்ற வேண்டும். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், விரல் நனையும் அளவு போதும். கழுவ தேங்காய் நாரும் தண்ணீரும் போதும். பளிங்குத் தொட்டியைப் புளி போட்டுத் தேய்த்தால் புளிப்பு கல்லை அரித்துச் சொரசொரப்பாக்கும், அந்தச் சொரசொரப்பில்தான் பாசி பிடிக்கும். உப்பு சேர்ப்பது கட்டாயம் இல்லை. சேர்த்தால் பித்தளைப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், பச்சைக் களிம்பு ஏறும். பழைய தீர்த்தம் சாக்கடைக்குப் போகக் கூடாது, செடி மூட்டில் ஊற்றலாம்.

தவக்காலம் முழுக்கத் தொட்டியை வறட்டிப்போட்டு மணல் நிரப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே வத்திக்கானின் வழிபாட்டுத் துறை பதில் தந்திருக்கிறது. காலி செய்ய வேண்டியது பாஸ்கா முந்நாளில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய புனித நாட்களில்) மட்டும். பெரிய வியாழன் மாலைத் திருப்பலி முடிந்ததும் இறைத்து, துடைத்து, காயவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பழக்கத்தில் கை தானாகப் போகும். விரல் நுனியில் வறண்ட கல் தட்டும். சனி இரவு புதுத் தண்ணீர் மந்திரித்த பிறகே மறுபடி நிறையும். பாஸ்கா திரியைத் தண்ணீரில் இறக்கும்போது மெழுகுத் துளி மிதக்கும் என்பதால், தொட்டியில் ஊற்றுமுன் ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.