சீகன்பால்கு பிறந்த ஊர்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் அவர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டன் மாநகரத்துக்கு வடகிழக்கே இருக்கும் சிற்றூர் அது. காமென்ஸ் போகும் ரயிலில் ஏறினால் வழியிலேயே வந்துவிடும். பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர்.

ஜெர்மானியர்களுக்கு அது மசாலா கேக் ஊர். 1558இல் அங்குள்ள ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுட உரிமை கிடைத்தது. தேனும் மாவும் சேர்த்துப் பிசைந்து வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். பிறகுதான் பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் சேரும். இன்றும் சில குடும்பங்கள் பரம்பரையாக இதைச் செய்கின்றன; தொழிலுக்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. அவுரி நீலத்தில் துணிக்கு அச்சிடும் பட்டறையும் மண்பாண்டத் தொழிலும் கூடவே தொடர்கின்றன. இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வைமார் நகரில் நிற்கும் கவிஞர்கள் கோதே, ஷில்லர் இரட்டைச் சிலையை வடித்த சிற்பி எர்ன்ஸ்ட் ரீட்ஷெலும் (பிறப்பு 1804) இவ்வூர்க்காரர்தான்.

1682இல் அங்கே ஒரு தானிய வணிகரின் வீட்டில் பிறந்த சீகன்பால்கு, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715க்குள் அச்சேறி முடிந்தது. 1719இல் இறந்தபோது வயது 36தான்.

டிரெஸ்டன் பக்கம் இருக்கும் நண்பர்களே, ஒரு நாள் ஒதுக்கிப் போய்வாருங்கள். நவம்பர் தொடக்கத்தில் கேக் சந்தையும் கூடும்.