பெரியப்பாவுக்கு போட்ட பன்னி மூளை ஊசி

பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்தப்ப ஆஸ்பத்திரில நைட்டு காவல் நான் தான். தூக்கம் வராது, மேஜைல கெடக்கற மருந்து டப்பாவ ஒண்ணொண்ணா எடுத்து படிச்சுட்டு இருப்பேன். அதுல ஒண்ணு செரிப்ரோலைசின். பழுப்பு கலர் ஆம்பியூல், மருந்தே தண்ணி கலந்த டிகாஷன் மாதிரி இருக்கும், தெனம் 30 மில்லி சலைன்ல கலந்து ட்ரிப்ஸ்ல ஏத்துனாங்க, பத்து நாளைக்கு. உள்ள மடிச்சு வச்சிருந்த பேப்பர்ல பொடி எழுத்துல பன்னி மூளைல இருந்து எடுத்ததுன்னு போட்டிருந்துச்சு. எங்க பெரியம்மா முட்ட போட்ட கேக்க கூட தொடாது.

இது ஆஸ்திரியால செய்யற மருந்து. பன்னி மூளைல இருக்கற புரோட்டீன என்சைம் போட்டு உடைக்கறாங்க, நம்ம வயித்துல பருப்பு செரிக்கற மாதிரி தான். கடைசில கெடைக்கறதுல முக்கால்வாசி வெறும் அமினோ அமிலம், அதாவது புரோட்டீனோட செங்கல்லு, கால்வாசி அந்த செங்கல்லு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கற குட்டி குட்டி பெப்டைடு. இந்த பெப்டைடு மூளைக்குள்ள போயி, நரம்பு வளர்றதுக்கு மூளையே சுரக்கற பொருள் செய்யற வேலைய செய்யும்னு கம்பெனி சொல்லுது. ரஷ்யா, சீனா, கொரியா பக்கம்லாம் நெறைய போடறாங்க, அமெரிக்கால மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ இதுக்கு அனுமதி தரல. நம்ம ஊர்ல இதே மாதிரி சரக்கு வேற கம்பெனிங்க செஞ்சு செரிப்ரோபுரோட்டீன் ஹைட்ரோலைசேட்னு பவுடர் வயலாவும் வருது, ஆனா ஒரு கம்பெனி சரக்க வச்சு செஞ்ச ஆராய்ச்சிய இன்னொரு கம்பெனி சரக்குக்கும் பொருந்தும்னு நெனைக்க முடியாது, மூளைய உடைக்கற விதம் மாறுனா உள்ள இருக்கறதும் மாறும்ல.

பன்னின்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ரத்தம் கட்டாம இருக்க போடற ஹெப்பாரினே பன்னி குடல்ல இருந்து தான் வருது, ஒரு காலத்துல இன்சுலினும் அப்படித்தான். என் கேள்வி வேற. அஞ்சாம் நாள் காலைல பெரியப்பா கட்ட விரல் லேசா அசைஞ்சுச்சு, அண்ணன் ஓடி வந்து "டேய் ஊசி வேல செய்யுதுடா"ன்னு கண்ணு கலங்கிட்டான். எனக்கும் நம்பணும்னு தான் ஆச. ஆனா ஸ்ட்ரோக் வந்தா மொத சில வாரத்துல மூளை தன்னால கொஞ்சம் தேறும், அது போக தெனம் ரெண்டு வேள பிசியோ, காக்கா உக்காந்து பனம்பழம் விழுந்த கதையா இல்லையான்னு ஒரே ஒரு ஆள வச்சு எப்படி சொல்றது?

காஸ்டான்னு ஆசியால ஒரு ஆய்வு, 2012ல வெளிவந்துச்சு, 1070 பேரு. பெரியப்பாவுக்கு போட்ட அதே 30 மில்லி, அதே பத்து நாள், பாதி பேருக்கு மருந்து, பாதி பேருக்கு சும்மா சலைன். 90 நாள் கழிச்சு பாத்தா ரெண்டு கூட்டமும் தேறிருக்கு, பெருசா வித்தியாசம் இல்ல. ரொம்ப மோசமா இருந்த 252 பேர மட்டும் தனியா எடுத்தா மருந்து பக்கம் சாவு 10.5 சதவீதம், சலைன் பக்கம் 20.2. கேக்க ஜோரா இருக்கு, ஆனா மொத்த ரிசல்ட்டு கைவிட்டதுக்கு அப்பறம் பிரிச்சு பாத்த கணக்க நான் அவ்ளோ நம்ப மாட்டேன். 2016ல கார்ஸ்னு இன்னொண்ணு, 208 பேரு, பிசியோவோட சேத்து 21 நாள் போட்டாங்க, அதுல கை நல்லாவே தேறிருக்கு. இத மாதிரி ஆய்வ வச்சு தான் 2021ல ஐரோப்பா நரம்பியல் டாக்டருங்க சங்கம் கை கால் பயிற்சியோட சேத்து இத குடுக்கலாம்னு கொஞ்சம் தயக்கத்தோட சொல்லிருக்காங்க. பல ஆய்வ ஒண்ணா சேத்து அலசற காக்ரேன் குழு 2020ல ஏழு ஆய்வ, 1601 பேர, சேத்து பாத்துட்டு சாவ தடுக்கறதுல அனேகமா பலன் இல்ல, உயிர் போகாத, ஆனா சீரியஸான பக்க விளைவு கூடலாம்னு எழுதுனாங்க. பல ஆஸ்பத்திரி சேந்து நடத்துன ஆய்வு மூணுக்கு மருந்து கம்பெனியே கை குடுத்திருக்குன்றதையும் அதுல போட்டிருக்காங்க. அந்த குழுவுக்கு தலைமை தாங்குன அம்மா ரஷ்யாக்காரங்க, மருந்து நல்லா ஓடற ஊரு!

வலிப்பு இருக்கறவங்களுக்கும் கிட்னி ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கும் இது போடக்கூடாது, டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிருங்க.

இப்ப பெரியப்பா வலது கைல டம்ளர் புடிக்கறாரு, சட்ட பட்டன் மட்டும் பெரியம்மா தான் போட்டு விடணும். போன வாரம் பட்டன் போட்டுட்டே பெரியம்மா கேட்டுச்சு, "ஏன்டா, அந்த காஸ்ட்லி ஊசி எதுல செய்யறாங்க?" புரோட்டீன் பெரியம்மான்னேன். பருப்பு மாதிரியான்னுச்சு. ஆமான்னுட்டேன்.