தொட்டி கேட்டோம், வால்வில் முடிந்தது

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஓர் ஊராட்சியில் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் குழுவில் எழுத்து வேலை என்னுடையது. வழக்கமாகப் போன வருஷப் பட்டியலில் தேதியை மாற்றி, கிராம சபையில் வாசித்துக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. இந்த முறை செயலாய்வு வழியில் போகலாம் என்றார்கள். பி.எட். படித்தவர்களுக்குப் பழகிய பெயர்தான்; 1946இல் உளவியலாளர் கர்ட் லெவின் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. அதாவது, திட்டமிடு, செய்துபார், கவனி, யோசி, திட்டத்தைத் திருத்து.

முதல் கூட்டத்தில் எல்லோரும் கேட்டது இன்னொரு மேல்நிலைத் தொட்டி. எங்கள் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை. அதற்காகத்தானே ஜப்பான் கடனுதவியில், காவிரி ஆற்றுத் தண்ணீரைத் தரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது? அப்புறமும் கடைசித் தெருவில் ஏன் புகார்?

தொட்டிப் பேச்சைத் தள்ளிவைத்து, தெருவுக்கு ஒரு மகளிர் குழு அக்காவிடம் நோட்டுக் கொடுத்தோம். தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா. "வாயில வெச்சாலே தெரியுமே" என்றார்கள். உப்பு தெரியும், ஃப்ளோரைடு தெரியாது, காய்ச்சினாலும் போகாது. பரிசோதனைப் பெட்டியை வரவழைத்துக் குழாயடியிலேயே தண்ணீரில் அதன் மருந்தைச் சொட்டு விட்டோம். ஃப்ளோரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு மஞ்சளாகும். முன்தெருத் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. கடைசித் தெருவுடையது மஞ்சளாகி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியதாக நிற அட்டை காட்டியது. சுற்றி நின்றவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

காரணத்தைச் சொன்னவர் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அதுவரை அவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. "எல்லா வால்வையும் ஒண்ணாத் திறந்தா கடைசிக்கு ஏறாதுங்க. திட்டுறாங்கன்னு அந்த லைன்ல போரைப் போட்டு விடறேன்" என்றார். சரி, கடைசித் தெருவுக்கு முதலில் திறந்து பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். முன்தெருவில் ஒரே சத்தம். நோட்டுகளை விரித்து நேரத்தைக் காட்டிய பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை மாற்றச் சம்மதித்தார்கள். கடைசித் தெரு நோட்டில் 'ஆறு' என்ற சொல் வர ஆரம்பித்தது.

கிராம சபையில் தொட்டியை எடுத்துவிட்டு, தெருவுக்குத் தனி வால்வும் கொஞ்சம் குழாயும் என்று தீர்மானம் போட்டோம். மேலே அனுப்பும் படிவத்தில் வேலையின் பெயருக்கும் மதிப்பீட்டுக்கும்தான் இடம். செய்துபார்த்துத் திருத்திய கதைக்கு இடமில்லை. நோட்டுகளை நகலெடுத்துத் தனியாக இணைத்தேன், படிப்பார்களோ என்னவோ. ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் போரைத் திறப்பது இன்னும் நிற்கவில்லை. அடுத்த சுற்றில் அதைத்தான் எடுக்கிறோம்.